ஒருவர் உட்கார்ந்து தொகுத்த பிளேலிஸ்ட்டுக்கு இன்று என்ன மதிப்பு?

கேள்வி இதுதான்: ஸ்ட்ரீமிங் செயலியே நம் ரசனையைக் கணித்து வாராவாரம் புதுப்பாட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அப்படியிருக்க, முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து தொகுத்த பிளேலிஸ்ட்டை எதற்காகக் கேட்க வேண்டும்? புது இசையைக் கண்டடைய அது உண்மையிலேயே உதவுமா, இல்லை பழைய பழக்கத்தின் மீதுள்ள பாசம் மட்டும்தானா?

உதவும். அதிலும் இரண்டு காரியங்களுக்கு அதை விட்டால் வேறு வழியே இல்லை. கேட்க ஆளே இல்லாமல் கிடக்கும் ஒரு பாட்டை எடுத்து, "இதைக் கேளுங்கள்" என்று நீட்டுவது ஒன்று. இதுவரை யாரும் சேர்த்துக் கேட்டிராத இரண்டு பாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரு மனிதரின் துணிச்சல் வேண்டியிருக்கிறது. ஏன் என்பது விளங்க, செயலி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

பரிந்துரை இயந்திரங்களின் அடிப்படை யோசனை பழையது. 1994இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மீடியா லேபில் ரிங்கோ என்றொரு சேவை நடந்தது. இசைக் கலைஞர்களின் பெயர்களுக்கு மதிப்பெண் போட்டு மின்னஞ்சலில் அனுப்பினால், உங்களைப் போலவே மதிப்பெண் போட்டவர்கள் யார் என்று பார்த்து, அவர்களுக்குப் பிடித்தவற்றில் உங்களுக்குத் தெரியாதவற்றைத் திருப்பி அனுப்பும். இன்றைக்கும் அஸ்திவாரம் அதுதான். மதிப்பெண் போடும் வேலையை மட்டும் நம் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எதை முழுசாகக் கேட்டோம், எதைச் சில நொடிகளிலேயே தள்ளிவிட்டோம், எதைச் சேமித்து வைத்தோம் என்பதைப் பார்த்து அதுவே போட்டுக்கொள்கிறது.

இந்தக் கணக்குக்குப் பாட்டு எப்படி ஒலிக்கும் என்பது தெரிய வேண்டியதே இல்லை. இதைக் கேட்டவர்கள் அதையும் கேட்டார்கள் என்ற ஒரே தகவல் போதும். பாட்டின் ஒலியையே அலசும் முறைகளும் இருக்கின்றன. பண்டோரா என்ற இணைய இசைச் சேவையில், பயிற்சி பெற்ற இசைக்கலைஞர்கள் ஒவ்வொரு பாட்டையும் காதால் கேட்டு, 450 வரையிலான கூறுகளைக் குறித்து வைத்தார்கள். இன்று அதே வேலையில் ஒரு பகுதியைக் கணினியே செய்கிறது: வேகம், உரப்பு, குரல் இருக்கிறதா இல்லையா என்பவையெல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் ஒரே வேகத்தில், ஒரே சுருதியில், ஒரே வாத்தியங்களோடு இரண்டு பாட்டுகள் இருந்து, ஒன்று உயிரை உலுக்கி இன்னொன்று சும்மா ஓடிப்போவது ஏன் என்று அந்த அலசல் சொல்வதில்லை.

2015 ஜூலையில் ஸ்பாட்டிஃபை தொடங்கிய டிஸ்கவர் வீக்லி என்ற தானியங்கிப் பட்டியல் திங்கள்தோறும் 30 பாட்டுகள் தருகிறது. அதற்கு முக்கியமான தீனி, பயனர்கள் தாங்களாகவே உருவாக்கி வைத்த பிளேலிஸ்ட்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டு வேறு யாருடைய பட்டியல்களில் இருக்கிறது, அங்கே அதோடு வேறென்ன இருக்கிறது என்று பார்த்து, நீங்கள் கேட்டிராததை எடுத்துத் தருகிறது. 2018இல் அந்த நிறுவனம் ஆய்வாளர்களுக்கென்று 10 லட்சம் பிளேலிஸ்ட்களை வெளியிட்டது. எல்லாம் 2010 முதல் 2017 வரை அமெரிக்கப் பயனர்கள் உருவாக்கியவை. பிளேலிஸ்ட்டின் தலைப்பையோ சில பாட்டுகளையோ கொடுப்பார்கள், மீதியை ஊகிக்கும் நிரலை எழுத வேண்டும் என்பதுதான் அதையொட்டி நடந்த போட்டி.

அப்படியானால் இயந்திரம் தருவதும் மனிதர்கள் தொகுத்ததுதானே என்று கேட்கலாம். பாதி உண்மை. ஒரு லட்சம் பேர் இரண்டு பாட்டுகளை ஒரே பட்டியலில் வைத்திருந்தால், அந்த உறவு அதற்குப் பளிச்சென்று தெரியும். ஒரே ஒருவர் மட்டும் வைத்திருந்தால் அது தற்செயல், கணக்கில் கழித்துவிட வேண்டிய இரைச்சல். இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆழ்ந்து கேட்கும் ஒருவர், வேறு யாரும் காணாத ஓர் உறவை இரண்டு பாட்டுகளுக்கிடையே காண்கிறார் என்றால், அந்தக் கணம் எண்ணிக்கையில் எப்போதும் ஒன்றுதான். பெருங்கணக்கு அதை வடிகட்டி வெளியே போடும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த ஒன்றுதான்.

யாருமே கேட்டிராத பாட்டுக்கு நிலைமை இன்னும் மோசம். கேட்டவர்கள் இல்லையென்றால் தரவு இல்லை. தரவு இல்லையென்றால் பரிந்துரை இல்லை. பரிந்துரை இல்லையென்றால் கேட்பவர்களும் வரப்போவதில்லை. 2022 அக்டோபரில் ஆப்பிள் மியூசிக் தன்னிடம் 10 கோடிப் பாட்டுகள் சேர்ந்துவிட்டதாக அறிவித்தது. தூங்காமல் சாப்பிடாமல் கேட்டாலும் பல நூறு ஆண்டுகள் பிடிக்கும் குவியல் அது. அதில் பெரும்பகுதி இந்தச் சுழலின் அடியில்தான் கிடக்கிறது.

சரி, கேட்கப்படும் பாட்டுகளாவது தகுதியால் மேலே வருகின்றனவா? இதற்கு ஒரு அழகான சோதனை உண்டு. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் வெளியிட்டது. பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்து, 14,000க்கும் மேற்பட்டவர்களைக் கேட்க வைத்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாட்டுகள் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டு எத்தனை முறை தரவிறக்கப்பட்டது என்பதையும் காட்டினார்கள். எண்ணிக்கையைப் பார்த்த உலகங்களில் மேலே போனவை இன்னும் மேலே போயின, கீழே இருந்தவை இன்னும் அமுங்கின. அதோடு, உலகத்துக்கு உலகம் வெற்றி பெற்ற பாட்டு மாறியது. மிக நல்ல பாட்டு அடியில் கிடப்பது அபூர்வம், மிக மோசமானது உச்சிக்குப் போவதும் அபூர்வம்; இடையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் எது வேண்டுமானாலும் நடந்தது. முதல் சில பேர் எதைத் தொட்டார்கள் என்பதே மீதிக் கதையை எழுதியது.

2020இல் வந்த இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை எழுதியவர்களில் ஸ்பாட்டிஃபையின் சொந்த ஆய்வாளர்களே இருந்தார்கள். அல்காரிதம் தருவதை அதிகம் நம்பிக் கேட்பவர்களின் இசை வட்டம் குறுகலாக இருந்தது. காலப்போக்கில் யாருடைய வட்டம் விரிந்ததோ, அவர்கள் அல்காரிதத்தைக் குறைத்துக்கொண்டு தாங்களாகத் தேடிக் கேட்பதை அதிகமாக்கியிருந்தார்கள். எது காரணம் எது விளைவு என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் புது இசை தேடும் எவரும் அதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இனி மனிதர் பக்கம்.

1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் அபாரமான இசை பதிவானது. அந்த நாட்டுக்கே உரிய ஐந்து சுர அமைப்புகள், பித்தளை ஊதுகருவிகள், அமெரிக்க சோல், ஜாஸ் எல்லாம் கலந்த இசை. 1974இல் பேரரசர் ஹைலே செலாசி கவிழ்க்கப்பட்டு ராணுவ ஆட்சி வந்தது. இரவு ஊரடங்கு போட்டார்கள். இரவு விடுதிகள் அடங்கின, இசைத்தட்டுத் தொழில் படுத்தது, பலர் நாட்டை விட்டே போனார்கள். அந்தத் தட்டுகள் நாட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் கிடந்தன. 1980களின் நடுவில் ஃபிரான்சிஸ் ஃபால்செட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் கையில் மஹ்மூத் அஹ்மத் பாடிய தட்டு ஒன்று கிடைத்தது. அவர் அதோடு விடவில்லை. பாடகர்களைத் தேடிப் போனார், பதிவு நிறுவனங்களை நடத்தியவர்களைத் தேடிப் போனார், உரிமைகளைப் பெற்றார். 1990களின் பிற்பகுதியில் பாரிஸிலிருந்து எத்தியோபிக்ஸ் என்ற தொகுப்பு வரிசை வெளிவரத் தொடங்கியது.

அதன் நான்காவது தொகுப்பு முலாத்து அஸ்தாத்கேயின் வாத்திய இசை. அமெரிக்க இயக்குநர் ஜிம் ஜார்முஷ் அதைக் கேட்டு, 2005இல் தன் படம் ஒன்றில் அந்த இசையை ஓட விட்டார். உலகம் முழுக்க ஆட்கள் அந்தப் பெயரைத் தேடினார்கள். இன்னொரு தொகுப்பு சாக்ஸஃபோன் கலைஞர் கெடாச்சூ மெக்கூர்யாவுடையது. அவர் பிறகு தி எக்ஸ் என்ற டச்சு பங்க் குழுவோடு சேர்ந்து வாசித்தார். 2006இல் அவர்கள் ஆல்பமும் போட்டார்கள். இன்று எந்தச் செயலியில் முலாத்துவைத் தேடினாலும், அவரைப் போன்றவர்கள் என்று ஒரு நீண்ட வரிசை வருகிறது. அந்த வரிசையை இயந்திரம் சரியாகத்தான் போடுகிறது. அதைப் போடத் தேவையான தரவு எங்கிருந்து வந்தது? ஃபால்செட்டோ தேர்ந்தெடுத்துக் கொடுத்த பிறகு கேட்டவர்களிடமிருந்து வந்தது. அவர் தேர்ந்தெடுத்த நாளில் அந்தத் தரவு எதுவுமே இல்லை. தன் காதின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை மட்டும் இருந்தது.

இதைவிடப் பழைய கதை அமெரிக்கத் தட்டுச் சேகரிப்பாளர் ஹாரி ஸ்மித்துடையது. 1952இல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக, தான் சேர்த்து வைத்திருந்த பழைய தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஆறு நெடுந்தட்டுகளாகத் தொகுத்தார். எல்லாம் 1920களின் பிற்பகுதி, 30களின் தொடக்கத்தில் பதிவான அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகள். தொகுத்தபோது அவற்றுக்கு வயது இருபதுக்குக் கொஞ்சம் கூடக் குறைய, விற்பனையிலிருந்து மறைந்துவிட்டிருந்தன. அன்றைய நிறுவனங்கள் கறுப்பினத்தவர் இசை, வெள்ளையர் இசை என்று தனித்தனி அட்டவணை போட்டு விற்றன. ஸ்மித் அந்தப் பிரிவை அழித்தார். கதைப்பாட்டு, கூடி ஆடும் இசை, பாட்டு என்று மூன்றே பகுப்பு. பாடியவர் எந்த இனம் என்ற குறிப்பே இல்லை. கேட்டவர்களில் பலர், அதில் பாடிய மிசிசிப்பி ஜான் ஹர்ட்டை வெள்ளைக்காரர் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஹர்ட் 1928இல் பதிவு செய்துவிட்டு ஊரில் விவசாய வேலைக்குத் திரும்பிப் போனவர். அந்தத் தொகுப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறையில் ஆர்வம் கொண்ட சிலர், அவருடைய இன்னொரு பாட்டில் வரும் ஊர்ப்பெயரை வைத்துத் தேடி 1963இல் அவரைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் அவர் பாடினார்.

அடுத்தடுத்து வைப்பது என்பது எவ்வளவு வலிமையான செயல் என்பதற்கு டெட்ராய்ட் நகரத்தின் ரேடியோ சாட்சி. 1970களின் பிற்பகுதியிலிருந்து அங்கே எலெக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற பெயரில் ஒருவர் இரவு நிகழ்ச்சி நடத்தினார். தன் முகத்தை வெளியே காட்டாதவர். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் இயந்திர ஒலி இசையையும், பார்லமென்ட் என்ற குழுவின் ஃபங்க் இசையையும், பாடகர் பிரின்ஸையும், பி-52ஸ் குழுவையும் ஒரே இரவில் வைத்தார். ரேடியோ நிலையங்கள் கேட்பவர்களின் இனத்தையும் வயதையும் பார்த்துப் பாட்டு போட்டுக்கொண்டிருந்த காலம். மோஜோவின் இரவுகளைக் கேட்டு வளர்ந்த பையன்களில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் இருந்தார்கள். அவர்கள் பிறகு உருவாக்கிய இசைக்கு டெக்னோ என்று பெயர். கிராஃப்ட்வெர்க்கையும் ஃபங்க்கையும் பக்கத்தில் வைத்துக் கேட்ட காதுகளில்தான் அது முளைத்தது. இவற்றைச் சேர்த்துக் கேட்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வைத்திருந்தால், அந்த இரவுகள் நடந்தே இருக்காது.

பிரிட்டிஷ் ரேடியோ தொகுப்பாளர் ஜான் பீலைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பிபிசியின் ரேடியோ 1 நிலையம் தொடங்கிய 1967 முதல் 2004இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஒரே நிகழ்ச்சியில் பங்க், ரெக்கே, ஜிம்பாப்வேயின் கிட்டார் இசை, காது கிழியும் மெட்டல் எல்லாம் வரும். எல்லாமே எல்லாருக்கும் பிடிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கேட்டவர்கள் அவரோடு நின்றதற்குக் காரணம், அவர் வைக்கும் ஒவ்வொன்றும் அவர் உண்மையிலேயே கேட்டு, ஏதோ ஒன்றால் பிடிபட்டு வைத்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். உங்களுக்குப் பிடிக்காத பாட்டைப் பரிந்துரைத்த இயந்திரம் பிழை செய்த இயந்திரம். அடுத்த முறை அதைத் திருத்திக்கொள்ளும். நீங்கள் மதிக்கும் ஒருவர் உங்களுக்குப் பிடிக்காத பாட்டை வைத்தால், "இவர் இதில் என்ன கண்டார்?" என்ற கேள்வி எழும். இரண்டாவது முறை கேட்பீர்கள், மூன்றாவது முறையும் கேட்பீர்கள். உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டியபடி, திரும்பத் திரும்பச் சந்திப்பதே ஒன்றின் மீது விருப்பத்தை வளர்க்கிறது. முதல் கேட்பில் பிடித்துப்போகும் பாட்டு, பெரும்பாலும் நமக்கு ஏற்கெனவே பிடித்ததன் சாயல். முதல் கேட்பில் புரியாமல் நின்று பிறகு பிடிபடுவதுதான் நம் ரசனையை ஓரடி நகர்த்துகிறது. அந்த இரண்டாவது கேட்புக்கு ஒரு காரணம் வேண்டும். நம்பிக்கைக்குரிய ஒருவரின் பெயர் அந்தக் காரணம்.

வரிசையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பிளேலிஸ்ட் என்றதும் பலரும் பாட்டுகளின் குவியல் என்றே நினைக்கிறார்கள். நம் பழைய தொகுப்பாளர்களுக்கு வரிசையின் அருமை தெரிந்திருந்தது. அகநானூற்றின் 400 பாட்டுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன பாருங்கள்: ஒற்றைப்படை எண்களெல்லாம் பாலை, 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தாவது தோறும் நெய்தல். தொகுத்தவர் உருத்திரசன்மர் என்கிறது பழங்குறிப்பு. பாதிக்குப் பாதி, அதாவது 200 பாட்டுகள், பிரிவைச் சொல்லும் பாலை. அவற்றைத் தொடர்ச்சியாக வைத்திருந்தால் சீக்கிரமே மனம் மரத்துப்போயிருக்கும். ஒவ்வொரு பாலைக்கும் பிறகு வேறொரு நிலம் வந்து மூச்சுவிட இடம் கொடுக்கிறது. அந்த இடைவெளியால் அடுத்த பாலை மறுபடி புதிதாக வலிக்கிறது.

நல்ல பிளேலிஸ்ட்டிலும் இதே வேலைதான் நடக்கிறது. பழக்கமில்லாத இசையைத் தனியாகக் கேட்டால் காதுக்குப் பிடி கிடைக்காது. அதற்கு முன்னால் என்ன வருகிறது என்பது அந்தப் பிடியைக் கொடுக்கும். நான் தொகுக்கும்போது, கேட்பவருக்கு அந்நியமாக இருக்கும் பாட்டுக்கு முன்னால், அதோடு ஒரே ஒரு கூறை மட்டும் பகிர்ந்துகொள்ளும் பழகிய பாட்டை வைப்பேன். இரண்டிலும் பாஸ் கிட்டார் ஒரே மாதிரி நடக்கும். அல்லது குரல் ஒரே மாதிரி உடையும். அல்லது தாளம் ஒரே இடத்தில் சற்றுத் தள்ளி விழும். மற்றதெல்லாம் வேறு. காது அந்த ஒற்றைக் கூறைப் பிடித்துக்கொண்டு புதிய பாட்டுக்குள் இறங்கிவிடும். எந்தக் கூறு என்பதைத் தேர்ந்தெடுப்பதில்தான் தொகுப்பவரின் காது தெரிகிறது. வேகம் ஒன்றாக இருப்பதை எந்தக் கணினியும் சொல்லும். ஒரு பாடகியின் மூச்சுவாங்கலும், வேறொரு கண்டத்தில் வேறொரு காலத்தில் ஊதப்பட்ட ஒரு புல்லாங்குழலின் மூச்சுவாங்கலும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதைக் கேட்டு உணர்ந்த ஒருவர்தான் சொல்ல முடியும். இப்படிக் கட்டிய வரிசையை ஷஃபிளில் கேட்பது, அந்த உழைப்பு முழுவதையும் கலைத்துவிட்டுக் கேட்பதாகும்.

கேசட் காலத்தில் இந்த ஒழுங்கு தானாகவே வந்தது. சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45. இடம் குறைவு, ஒரு பாட்டைச் சேர்க்க இன்னொன்றை விட வேண்டும். பதிவு செய்ய முழுப்பாட்டும் ஓடும்வரை காத்திருக்க வேண்டும். எல்லையில்லாத பட்டியலில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் நாற்பது மணிநேரம் நீளும் பிளேலிஸ்ட்களைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அவை சேமிப்புக் கிடங்குகள். யாரும் எதையும் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டு, "மனிதர் தொகுத்தது" என்ற முத்திரை இருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு பாட்டு போடுவது ரேடியோவின் ஆரம்ப நாட்களிலிருந்தே இருந்தது. 1959, 60இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதை விசாரித்து, காசு வாங்கினால் அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தையே திருத்தியது. இன்று பெரிய தளங்களின் ஆசிரியர் குழுக்கள் நடத்தும் பிளேலிஸ்ட்களில் ஓரிடம் கிடைப்பது அவ்வளவு பெரிய விஷயம். லூயிஸ் அகியார், ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர்கள் 2018இல் கணக்கிட்டார்கள்: அப்போது சுமார் 1.85 கோடிப் பேர் பின்தொடர்ந்த, ஸ்பாட்டிஃபையின் டுடேஸ் டாப் ஹிட்ஸ் பட்டியலில் ஒரு பாட்டு சேர்ந்தால், ஏறத்தாழ 2 கோடி முறை கூடுதலாகக் கேட்கப்படுகிறது. இவ்வளவு பலன் இருக்கும் இடத்தில் நெருக்கடியும் இருக்கும். அந்தப் பட்டியலைத் தொகுப்பவர்கள் திறமையில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோடிக்கணக்கானவர்கள் யாரும் ஸ்கிப் செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வேலை. உங்களை ஓரடி நகர்த்துவது அவர்கள் வேலையில்லை. தூங்க, படிக்க, ஓட, மழைக்கு என்று மனநிலைக்கு ஏற்றபடி விற்கப்படும் பட்டியல்களும் அப்படித்தான். கவனத்தைக் கோராத இசையைத்தான் அவை தேர்ந்தெடுக்கின்றன. கவனிக்காமல் கேட்கும் இடத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இயந்திரப் பக்கத்திலும் காசு நுழைந்துவிட்டது. 2020 நவம்பரில் ஸ்பாட்டிஃபை ஒரு திட்டத்தை அறிவித்தது. குறிப்பிட்ட பாட்டுக்குக் குறைந்த உரிமத்தொகையை ஏற்றுக்கொண்டால், தானியங்கி வரிசைகளில் அந்தப் பாட்டுக்குக் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். ஆக, கணக்கு போடுவதாலேயே அது நடுநிலையானது என்றும் சொல்ல முடியாது.

அதே சமயம், இயந்திரத்தால் நடந்த நல்லதை மறைப்பது நேர்மையில்லை. ஜப்பானின் மரியா தகேயுச்சி 1984இல் பாடிய ஒரு பாட்டு, 2017 வாக்கில் யூடியூபின் பரிந்துரைப் பட்டையில் உலகம் முழுக்கத் தோன்றத் தொடங்கி, சிட்டி பாப் என்ற இசைவகைக்கே இரண்டாம் பிறவி கொடுத்தது. மிதோரி தகாதாவின் 1983 ஆல்பமும் அப்படித்தான் பரவி, 2017இல் மறுபதிப்பானது. இவற்றை நான் மனதாரக் கொண்டாடுகிறேன். ஆனால் இரண்டிலும் முதல் அடியைக் கவனியுங்கள். யாரோ ஒரு ரசிகர் பழைய தட்டை எடுத்து, பதிவேற்றி, அது கேட்கப்பட வேண்டும் என்று நினைத்தார். அதற்குப் பிறகுதான் கணக்கு அதைப் பிடித்தது. பரப்புவதில் இயந்திரத்தின் பலம் மனிதருக்கு வராது. பரப்பத் தகுந்தது எது என்று முதலில் சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறார்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டால், பட்டியலைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள் என்பேன். உங்களுக்கு மிகப் பிடித்த, ஆனால் பரவலாகத் தெரியாத இரண்டு மூன்று பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை எல்லாமும் யாருடைய தொகுப்பில் இருக்கின்றன என்று பாருங்கள். அங்கே உங்களுக்குத் தெரியாத பெயர்கள் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். தொகுத்தவர் தன் பெயரை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். பழையதும் புதியதும் கலந்திருக்க வேண்டும். முடிந்தால் ஒவ்வொன்றையும் ஏன் வைத்தேன் என்று இரண்டு வரி எழுதியிருக்க வேண்டும். உங்களுக்கு எரிச்சலூட்டும் ஒரு பாட்டாவது இருந்தால் அது நல்ல அறிகுறி. எல்லாமே பிடித்துப்போனால், ஏற்கெனவே நிற்கும் இடத்திலேயேதான் நிற்கிறீர்கள்.

ரேடியோவையும் மறக்க வேண்டாம். பிரான்ஸின் பொது வானொலியான எஃப்.ஐ.பி. 1971 முதல் எல்லா இசைவகைகளையும் கலந்து ஒலிபரப்புகிறது. வரிசையை அமைப்பவர்கள் மனிதர்களே. லண்டனில் 2011இல் தொடங்கிய என்.டி.எஸ்., சியாட்டிலின் கே.இ.எக்ஸ்.பி., நியூஜெர்சியின் டபிள்யூ.எஃப்.எம்.யூ. எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிகழ்ச்சிகளில் என்னென்ன பாட்டு வந்தது என்ற பட்டியலையும் கொடுக்கிறார்கள். ஒரு நிகழ்ச்சியை நடத்துபவரைப் பிடித்துக்கொண்டு சில மாதங்கள் தொடர்ந்து கேட்டால், அவர் காது எங்கே கூர்மை, எங்கே உங்களோடு ஒத்துப்போகாது என்பது பிடிபட்டுவிடும். அப்புறம் அவர் ஒத்துப்போகாத இடத்தில் சொல்வதும் உங்களுக்குப் பயன்படும்.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஷஃபிளை அணைத்துவிட்டு முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கேளுங்கள். முதல் சுற்றில் எதையும் தள்ளவும் வேண்டாம், இதயம் போட்டுச் சேமிக்கவும் வேண்டாம். சில நாள் கழித்து இரண்டாவது சுற்று. எது மனதில் தங்கியதோ, அதன் பெயர் விவரங்களைப் பாருங்கள்: யார் தயாரித்தார், டிரம்ஸ் யார், எந்த லேபிள், எந்த ஆண்டு. ஒரு பாஸ் கலைஞரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், அவர் வாசித்த வேறு பத்துத் தட்டுகள் கிடைக்கும். அவற்றில் பாடியவர்களெல்லாம் உங்களுக்குப் புதியவர்கள். செயலியின் "இதைப் போன்றவை" பொத்தான் இந்த வழியை அநேகமாகக் காட்டாது. வெவ்வேறு வகை இசையில் வாசித்த ஒரே கையை அது தேடுவதில்லை. இங்கே கிடைத்த புதுப் பெயர்களைப் பிறகு தாராளமாக இயந்திரத்திடம் கொடுங்கள். நல்ல விதை கிடைத்தால் அது நன்றாகவே விளைவிக்கும்.

கடைசியாக, நீங்களே ஒன்று தொகுத்துப் பாருங்கள். பொதுவாக எல்லாருக்கும் வேண்டாம், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒருவருக்காக. பன்னிரண்டு பாட்டுக்கு மேல் போகாதீர்கள். அவருக்குத் தெரிந்தது மூன்று, தெரியாதது ஒன்பது. எதற்குப் பின் எது என்று மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுப் பார்க்கும்போது, பல ஆண்டுகளாகத் தெரியும் என்று நினைத்திருந்த பாட்டுகளிலேயே நீங்கள் கவனிக்காத இடங்கள் தட்டுப்படும். ஒவ்வொன்றுக்கும், எந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அனுப்பும்போதே, பதிலுக்கு அவரிடமிருந்தும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.